லைன் போனால் யார் வருவார்?

மாதம் தவறாமல் சந்தா கட்டும் சிறு நிறுவனங்கள் படிக்காமல் விட்ட ஒப்பந்தப் பக்கங்கள்

மாலை ஆறே கால் மணி. திருப்பூர் காங்கேயம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. பனியன் கம்பெனி வாசலில் லாரி பின்பக்கமாக ஒட்டி நிற்கிறது. அட்டைப்பெட்டிகள் ஏறி, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. சரக்கு தூத்துக்குடி போக வேண்டும். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது முறையாக ஹாரன் அடிக்கிறார். மாடியில், கணக்குப் பிரிவில், மூன்று பேர் சுவரில் மாட்டிய சின்ன வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.

"நெட்டு போயிருச்சுங்கண்ணா. நாலு மணியில இருந்தே இப்படித்தான்."

"போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுப் பாத்தியா தம்பி?"

"போட்டேனுங்க. சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது. நம்ம ஐ.பி.ல இருந்து போனாத்தான் எடுக்குமாம்."

அந்தக் கம்பெனியின் பில்லிங் மென்பொருள் அரசின் இ-இன்வாய்ஸ் கணினியோடு நேரடியாகப் பேசுகிறது. முன்பே பதிவுசெய்த இணைய முகவரியிலிருந்து வந்தால்தான் அந்தப் பக்கம் கதவு திறக்கும். செல்போன் இணைப்பின் முகவரி வேறு. எனவே அரசுத் தளத்தைச் செல்போன் நெட்டில் திறந்து, பதினான்கு இன்வாய்ஸ்களையும் ஒவ்வொன்றாகக் கையால் அடிக்க வேண்டும். இன்வாய்ஸ் எண் வந்த பிறகு இ-வே பில். அது கையில் வந்த பிறகுதான் லாரி நகரும்.

முதலாளி சேவை மையத்தை அழைக்கிறார். "கம்ப்ளைன்ட் பதிவாயிடுச்சு சார். நாலு மணி நேரத்துல ரெஸ்பான்ஸ் கிடைக்கும்." எட்டு மணிக்குள் லைன் வந்துவிடுமா என்று கேட்கிறார். "ரெஸ்பான்ஸ் கிடைக்கும் சார்" என்று அதே பதில். மூன்று முறை கேட்டும் அந்தப் பெண்ணால் வேறு வார்த்தை சொல்ல முடியவில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் வேறு வார்த்தை இல்லை.

இந்தக் கம்பெனி வாங்கியிருப்பது "பிசினஸ் பிளான்". மூன்று வருடமாக ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. அந்தச் சந்தாவுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அன்று மாலைதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். கரூரில், சிவகாசியில், அம்பத்தூரில் ஆயிரக்கணக்கான நடுத்தரக் கம்பெனிகளுக்கு இணையம் இப்போது மின்சாரம் மாதிரி ஆகிவிட்டது. அதை வாங்கும்போது மட்டும் இன்னும் வீட்டுக்கு வாங்குவது போலவே வாங்குகிறோம்: "எத்தனை எம்.பி.? மாசம் எவ்வளவு?" என்ற இரண்டே கேள்விகள்.

ஒரே பில், பல சரக்கு

மாதச் சந்தாவில் முதலில் இருப்பது லைன். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் சுவர் வரை வரும் கண்ணாடி இழை. வீட்டு இணைப்பிலும் பெரும்பாலான "பிசினஸ் பிராட்பேண்ட்" திட்டங்களிலும் இந்த இழை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. பரவலாகப் பயன்படும் ஜி-பான் முறையில் நிலையத்தின் ஒரு வாயிலிலிருந்து கீழ்நோக்கி வினாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25 கிகாபிட் போகும். அதை வழியில் ஒரு சின்னப் பிரிப்பான் 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறது. தெருவே ஒரே நேரத்தில் கிரிக்கெட் பார்த்தால் உங்கள் பங்கு குறையும். விளம்பரத்தில் வேகத்தோடு "வரை" என்ற சொல் வருவது இதனால்தான்.

லீஸ்டு லைன் என்பது வேறு சரக்கு. 20 எம்.பி.பி.எஸ். என்றால் ஏறவும் இறங்கவும் 20, இரவும் பகலும் 20. 300 எம்.பி.பி.எஸ். வீட்டுத் திட்டத்தைவிட இதன் விலை பல மடங்கு இருப்பதைப் பார்த்து, ஏமாற்றுகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். இதில் விற்பது பங்கு போடாத பாதை. ஏற்றும் வேகம் யாருக்குத் தேவை என்று கேட்பவர்கள் சிவகாசி அச்சகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். 10 ஜி.பி. டிசைன் கோப்பை 10 எம்.பி.பி.எஸ். ஏற்ற வேகத்தில் அனுப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும் இரண்டே கால் மணி நேரம் ஆகும். 100 எம்.பி.பி.எஸ். இருந்தால் 13 நிமிடம்.

அடுத்தது முகவரி. பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் சாதாரணத் திட்டங்களில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்கிறார்கள். வீட்டில் இருந்தபடி கம்பெனி சர்வருக்குள் நுழைய, கிளைகளை இணைக்க, திருப்பூர்க் கம்பெனியைப் போல அரசுக் கணினியோடு நேரடியாகப் பேச உங்களுக்கென்று மாறாத முகவரி ஒன்று வேண்டும். சில திட்டங்களில் அது சந்தாவுக்குள் வரும். பலவற்றில் தனிக் கட்டணம்.

பிறகு பெட்டி. சுவரில் இழை வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. உங்களிடம் இருப்பது வாடகைக்கு. பழுதானால் மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. இடி விழுந்தோ எலி கடித்தோ போனால் யார் செலவு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். இணைப்பை விடும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காதவர்கள், முன்பணத்தை வாங்க நடையாய் நடக்கிறார்கள்.

கடைசிச் சரக்கு, என் பார்வையில் முதல் சரக்கு, பராமரிப்பு. லைன் நன்றாக ஓடும் நாளில் வீட்டு இணைப்புக்கும் தொழில் இணைப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. லைன் அறுந்த நாளில்தான் தெரியும். அதிகம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த நாளுக்காகத்தான்.

பெட்டிச் செய்தி: 99 சதவீதம் என்றால் எவ்வளவு?

30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். ஒப்பந்தத்தில் "அப்டைம்" என்று எழுதியிருக்கும் எண்ணை இப்படிப் படியுங்கள்.

98 சதவீதம்: மாதத்தில் 14 மணி 24 நிமிடம் லைன் இல்லாவிட்டாலும் வாக்கு மீறியதாகாது.
99 சதவீதம்: 7 மணி 12 நிமிடம்.
99.5 சதவீதம்: 3 மணி 36 நிமிடம்.
99.9 சதவீதம்: சுமார் 43 நிமிடம்.
99.99 சதவீதம்: 4 நிமிடத்துக்குச் சற்று மேல்.

கணக்கு மாதத்துக்கா, மூன்று மாதத்துக்கா, ஆண்டுக்கா என்று பாருங்கள். 99.5 சதவீதத்தை ஆண்டுக் கணக்கில் எழுதினால், கிட்டத்தட்ட 44 மணி நேரம் ஒரே மூச்சில் லைன் போனாலும் அவர்கள் பக்கம் தவறில்லை.

ரெஸ்பான்ஸ் வேறு, ரெஸ்டோர் வேறு

திருப்பூர் முதலாளிக்குக் கிடைத்த பதிலில் பொய் இல்லை. அவருடைய தாளில் இருந்தது ரெஸ்பான்ஸ் நேரம். புகாரை ஒரு ஆள் கையில் எடுத்துக்கொண்டு, என்ன கோளாறு என்று பார்க்கத் தொடங்கும் நேரம் அது. லைன் திரும்ப வரும் நேரம் வேறு. அதற்கு ரெஸ்டோரேஷன் என்று தனி வரி இருக்க வேண்டும். அவருடைய தாளில் அந்த வரியே இல்லை.

விற்பனைக்கு வந்த பையன் "நாலு மணி நேரம் சார்" என்று சொன்னதும், நான்கு மணி நேரத்தில் லைன் வந்துவிடும் என்று கேட்டவர் எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் சிறுதொழில் செய்பவர்களில் பெரும்பாலோர் வாய்ச்சொல்லை நம்பி வளர்ந்தவர்கள். நூல் வியாபாரம் இன்றும் வாய்ச்சொல்லில் நடக்கிறது. அந்த நாணயத்தை இருபது பக்க ஒப்பந்தத்திடம் எதிர்பார்த்தது அவர்கள் குற்றமா? விற்கும்போதே இரண்டு நேரங்களையும் அருகருகே, தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தருவதில் நிறுவனங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அதைச் செய்யாமல் இருப்பது தவறு என்றே சொல்வேன்.

அடுத்த பக்கத்தில் விதிவிலக்குகள் வரும். முன்னறிவித்துச் செய்யும் பராமரிப்பு கணக்கில் சேராது. உங்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லாத நேரம் சேராது. ஓ.என்.டி.க்கு யு.பி.எஸ். வைக்காத கம்பெனிகள் இதில்தான் தோற்கின்றன. புயல், வெள்ளம், அரசு உத்தரவு சேராது. பல ஒப்பந்தங்களில் மூன்றாம் நபர் தோண்டி இழை அறுவதும் சேராது. அன்று மாலை நடந்தது இதுதான். சற்றுத் தள்ளி வடிகாலுக்காகத் தோண்டிய ஜே.சி.பி., மண்ணோடு கேபிளையும் அள்ளிவிட்டது.

இது அபூர்வமாக நடப்பதல்ல. திட்டமில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே கணக்குச் சொல்லி, 2023 மார்ச் 22 அன்று "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டுவதற்கு முன் அதில் பதிந்தால், கீழே யாருடைய கேபிளும் குழாயும் போகின்றனவோ அந்தந்த நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நம் ஊர் ஒப்பந்தக்காரரின் ஜே.சி.பி. டிரைவருக்கு அந்தச் செயலி இருப்பதே தெரியுமா என்பதை மாநகராட்சிகள்தான் பார்க்க வேண்டும்.

நிறுவனம் வாக்கை மீறினால்? பணம் திரும்ப வரும் என்றுதான் எழுதியிருக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சந்தா 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 ரூபாய் 33 காசு. ஐந்து மணி நேரம் லைன் இல்லையென்றால், நேரத்துக்கு நேர் கழித்தாலும் கிடைப்பது 42 ரூபாய்கூட இல்லை. அதுவும் தானாகக் கழிந்துவிடாது. குறிப்பிட்ட நாளுக்குள் புகார் எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கப்பல் தவறியது, ஆர்டர் போனது போன்ற தொடர் இழப்புகளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு.

சுவருக்கு உள்ளே யார் ராஜ்யம்?

"நெட் ஸ்லோ" என்று வரும் புகார்களில் கணிசமானவை சுவருக்கு உள்ளே முடிபவை. ஓ.என்.டி. வரை அவர்கள் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் ஓடும் கேபிள், ஸ்விட்ச், வை-ஃபை எல்லாம் நம் தலையில். நிட்டிங் மெஷின் ஹாலுக்குப் பக்கத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், ஐந்து வருடத்துக்கு முந்தைய ரவுட்டரை வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. ஆள் வந்து பார்த்து, கோளாறு உள்ளே என்று சொன்னால், வந்த கூலியை உங்கள் பில்லில் சேர்க்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. மேனேஜ்டு சர்வீஸ் என்பார்கள். வை-ஃபை, ஸ்விட்ச், ஃபயர்வால், கிளைகளை இணைக்கும் எஸ்.டி.-வான் ஆகிய எல்லாவற்றையும் அவர்களே வைத்து, அவர்களே தொலைவிலிருந்து கண்காணித்து, மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். நான்கு ஊரில் ஷோரூம் வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்கு இது நியாயமான செலவு. தனியாக ஒரு நெட்வொர்க் ஆளைச் சம்பளம் போட்டு வைப்பதைவிடக் குறைவாகவே முடியும்.

இங்கே கவனம் வேண்டிய இடம் ஃபயர்வால். பெட்டியை வாங்கிவிட்டோம், காவல் முடிந்தது என்று இருக்கிறார்கள். அதன் உயிர் ஆண்டு உரிமத்தில் இருக்கிறது. உரிமம் முடிந்த பிறகும் பெட்டி ஓடும், பச்சை விளக்கு எரியும், இணையமும் போகும். ஆனால் புதுப்புது வைரஸ்களைப் பற்றிய தகவல் வருவது நின்றுவிடும். சந்தாவில் உரிமப் புதுப்பிப்பு சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவையும் சின்னக் கம்பெனிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இணையத் தாக்குதல் நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது சேவை நிறுவனங்களுக்கு மட்டுமான உத்தரவல்ல, உங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் உண்டு. மேனேஜ்டு திட்டத்தில் பதிவேடுகளை எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று கேட்டால் "30 நாள் சார்" என்று பதில் வரலாம். மீதி 150 நாளுக்கு நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

இரண்டு கம்பெனி, ஒரே பள்ளம்

அனுபவப்பட்டவர்கள் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி வைத்திருப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரே ஜே.சி.பி. இரண்டையும் சேர்த்து அள்ளும். பல ஊர்களில் பெரிய நிறுவனங்களின் கடைசி ஒரு கிலோமீட்டரை உள்ளூர் கேபிள்காரர்தான் இழுக்கிறார். இரண்டு பெரிய பெயர்களுக்கும் ஒரே கேபிள்காரராக இருப்பதும் நடக்கிறது. பில்லில் தெரியாது. மொட்டை மாடிக்கு ஏறி, எந்தக் கம்பத்திலிருந்து எது வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

சென்னைக்கு இந்தப் பாடம் புயல் புயலாக வந்திருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்தபோது மரமும் கம்பமும் சாய்ந்து போனதோடு, கடலடிக் கேபிள் பாதிக்கப்பட்டதாக ஒரு பெரிய நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்ற நாட்களில், நகரின் பல பகுதிகளில் செல்போன் சிக்னலும் சேர்ந்தே படுத்தது. கேபிளுக்கு மாற்று செல்போன் நெட் என்று நினைத்தவர்களுக்கு அந்த வாரம் இரண்டும் இல்லை. செல்போன் கோபுரங்களும் கரண்டையும் கண்ணாடி இழையையும் நம்பி நிற்பவைதான்.

கைவசம் செல்போன் சிம் பொருத்திய மாற்று ரவுட்டர் ஒன்று இருப்பது அவசியம். அதோடு, மாற்றுப் பாதையின் முகவரியையும் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். திருப்பூர்க் கம்பெனி இரண்டாவது லைன் ஒன்று வாங்கி, அதன் மாறாத முகவரியையும் சேர்த்துப் பதிந்திருந்தால் லாரி ஆறரைக்கே கிளம்பியிருக்கும்.

பெட்டிச் செய்தி: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

லைன் திரும்ப வர அதிகபட்சம் எத்தனை மணி நேரம்? ஞாயிறு, தீபாவளி உட்பட்டதா?
கேபிள் அறுந்தால் அது கணக்கில் சேருமா?
கடைசி மைல் யாருடையது, எந்த வழியில் வருகிறது?
வாக்கு மீறினால் கழிவு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?
கம்பெனி இடம் மாறினால் புது ஒப்பந்தமா, பழையது தொடருமா?
முன்கூட்டி விட்டால் மீதி மாதங்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா?
டேட்டா அளவு தாண்டினால் வேகம் குறையுமா?

பணத்தின் கணக்கு

லீஸ்டு லைன் மேற்கோளில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று ஓ.டி.சி., லைன் இழுப்பதற்கு ஒருமுறை கட்டும் தொகை. இன்னொன்று ஏ.ஆர்.சி., ஆண்டுச் சந்தா. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தொழில் பெயரில், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாக அதைத் திரும்ப எடுக்கலாம். முதலாளியின் வீட்டுப் பெயரில் இணைப்பு வாங்கி ஆபீசில் ஓட்டும் பழக்கத்தில் அந்தப் பணம் வீணாகிறது.

ஒப்பந்தம் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை. இடையில் விட்டால் மிச்சக் காலத்துக்குப் பணம் கேட்பார்கள். முடியும் தேதிக்கு 30 அல்லது 60 நாள் முன்பு எழுதித் தராவிட்டால் தானாக நீளும் என்ற வரி பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். அந்தத் தேதியைக் கணக்குப் பிள்ளையின் நாட்காட்டியில் இன்றே எழுதச் சொல்லுங்கள்.

வழக்குக்குப் போனால்

பிராட்பேண்ட் வாடிக்கையாளருக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் இரண்டு படி கொடுத்திருக்கின்றன. முதலில் சேவை மையத்தில் புகார், அதற்கு ஒரு டாக்கெட் எண். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. தானே உட்கார்ந்து ஜெராக்ஸ் கடை நடத்துபவர் நுகர்வோர் மன்றத்தின் படியேறலாம். நூறு பேருக்கு வேலை கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனம் போனால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்ற வாதத்தைத்தான் முதலில் சந்திக்க நேரிடும். இடைநடுவில் இருப்பவர்களின் நிலை மன்றம் என்ன நினைக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் நடுத்தரக் கம்பெனிக்கு ஒப்பந்தத் தாளே சட்டம். அதில் இல்லாத எதையும் பிறகு கேட்க முடியாது.

ஒரு வழி இருக்கிறது. டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமான டிடிசாட், சேவை நிறுவனத்துக்கும் நுகர்வோர் குழுவுக்கும் இடையிலான வழக்கை விசாரிக்கும் அதிகாரம் கொண்டது. தனி ஆளின் குறைக்கு அங்கே இடமில்லை, குழுவுக்கு உண்டு. நம் தொழில் சங்கங்கள் இதை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். சங்கம் நூல் விலைக்கு டெல்லி போகிறது, மின்கட்டணத்துக்குச் சென்னை போகிறது. இணைய இணைப்பை மட்டும் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக, விற்பனைக்கு வரும் பையனிடம் பேரம் பேசி வாங்குகிறார். ஒரே தொழிற்பேட்டையில் இருநூறு கம்பெனிகள் சேர்ந்து ஒரே ஒப்பந்த வாசகத்தைக் கேட்டால் எந்த நிறுவனமும் உட்கார்ந்து பேசும். ரெஸ்டோரேஷன் நேரம், கேபிள் அறுப்பும் கணக்கில் சேர்தல், தானாகக் கழியும் தொகை, தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் என்ற நான்கு வரிகள் கிடைத்தாலே பாதிச் சண்டை ஓயும்.

திருப்பூரில் அன்று லாரி கிளம்பியது ஒன்பது இருபதுக்கு. பதினான்கு இன்வாய்ஸையும் இரண்டு பேர் செல்போன் நெட்டில் அடித்து முடித்தார்கள். லைன் வந்தது மறுநாள் காலை பத்து மணிக்கு. அந்த மாதப் பில்லில் ஒரு ரூபாயும் குறையவில்லை, யாரும் எழுதிக் கேட்கவில்லை.

தொழில் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செயற்குழுவில் உறுப்பினர்களை அவரவர் இணைய ஒப்பந்த நகலோடு வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, வரி வரியாகப் படியுங்கள்.